கன்னியம்மாவின் இடது கன்னம்

நாளையிலேர்ந்து முகப்பூச்சுக் கூடையை நீங்க மூணு பேரும் தூக்கப் போறீங்க. நான் தூக்கினது இருபத்தெட்டு வருஷம். முட்டி தேஞ்சு போய் இறக்கி வெச்சு ரெண்டு மழைக்காலம் ஆவுது. எண்ணெய் காய்ச்சுறது, மெழுகு உருக்குறது, பன்னீர் கலக்குறதெல்லாம் உங்களுக்குக் கை வந்துடுச்சு, அதைப் பத்தி நான் ஒண்ணும் பேசப் போறதில்ல. நேத்து உங்கள்ல ஒருத்தி கேட்டா, "அக்கா, பூச்சு எரியுதுன்னு யாராவது சொன்னா இன்னா பண்றது?"ன்னு. நான் எழுந்து போயிட்டேன். கோவம்னு நினைச்சிருப்பீங்க. கோவமெல்லாம் இல்லம்மா, பயம்.  அது ஏன்னு சொல்லத்தான் இன்னைக்கு உக்கார வெச்சிருக்கேன்.

நம்மகிட்ட பூச்சு கேக்கறவங்க யாரு? சின்னப் பொண்ணுங்களுக்கு நம்ம தயவு தேவையில்ல, பச்சத்தண்ணியில கழுவினாலே அதுங்க மூஞ்சி பளபளன்னு இருக்கும். நம்மகிட்ட வர்றவங்க நாப்பதைத் தாண்டினவங்க. மாசத் தூரம் நின்னு போனவங்க, இதோ நிக்கப் போவுதுன்னு இருக்கறவங்க. அந்த வயசுல தோல் மெலிசாயிடும். மூஞ்சி கழுவித் துடைச்ச உடனே கன்னம் இழுத்துப் பிடிக்கும். நேத்து வரைக்கும் ஒத்துக்கின எண்ணெய் இன்னைக்கு அரிக்கும். போதாததுக்கு நம்ம ஊர்க் காத்து உப்புக் காத்து. ஏரித் தண்ணியிலயே மூஞ்சி கழுவிக்கினு வெயில்ல நிக்கற சனம் வேற. கன்னத்து மேட்டுல மங்கு வந்து கரேல்னு குந்திக்கும். இவங்க நம்மகிட்ட மூஞ்சிய நீட்டுறப்போ வெறும் மூஞ்சிய நீட்டல. "எனக்கு வயசாயிடுச்சா, சொல்லு"ன்னு கேக்கறாங்க. அந்த நேரத்துல எந்தப் பூச்சு குடுத்தாலும் வாங்கிப் பூசிப்பாங்க. அதான் எனக்குப் பயம்.

அப்போ எனக்கு முப்பத்தஞ்சு வயசு இருக்கும். பழவேற்காட்டுல ஒல்லாந்துக்காரன் கோட்டைக்குள்ள போய் வர எனக்குத் தடை கிடையாது. வாசல்ல துப்பாக்கி வெச்சுக்கினு நிக்கறவன் கூடையைப் பார்த்ததும் விலகி வழி விடுவான். உள்ள ஒரு துரைசானி இருந்தாங்க. எங்கேயோ பொறந்து கப்பல்ல வந்து, நம்ம வெயிலுக்குப் பயந்து மூங்கில் தட்டிக்குப் பின்னாலேயே காலம் தள்ளினவங்க. அவங்களுக்குக் கன்னத்துல மங்கு. நான் என் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டினேன். குளிக்கிற பொடியில போடுவோமே கார்போகரிசி, அதை நைசா அரைச்சு நல்லெண்ணெயில போட்டுக் காய்ச்சி, அந்த எண்ணெயில பகல் பூச்சு பண்ணிக் குடுத்தேன். எனக்குத் தெரிஞ்சு யாரும் அதுக்கு முன்னால பகல் பூச்சுல அதைப் போட்டதில்ல. குளிச்சாக் கழுவிக்கினு போற பொடிக்குத்தான் அது. நான் போட்டேன். ஒரு மாசத்துல அவங்க முகம் தெளிஞ்சுது, வறட்சி போச்சு. என் கையைப் பிடிச்சுக்கினு அவங்க பாஷையில ஏதோ சொன்னாங்க. புரியல, ஆனா தலைகால் தெரியல எனக்கு. துணி வியாபாரிங்க வீட்டுப் பொம்பளைங்க நாலு பேர் அதையே கேட்டாங்க. குடுத்தேன். எல்லாருக்கும் நல்லா இருந்துது. எல்லாரும் நிழல்ல இருக்கறவங்கன்னு நான் நினைச்சுப் பார்க்கவே இல்ல.

கன்னியம்மான்னு ஒருத்தி. ஏரிக்கு வடக்கால, சுண்ணாம்புக்குளத்துப் பக்கத்துக் குப்பத்துக்காரி. நாப்பத்தி மூணு வயசு, புருசன் இல்ல. தெனம் காலையில குப்பத்து மீனையெல்லாம் படகுல ஏத்திக்கினு பழவேற்காட்டுச் சந்தைக்கு வருவா. குரல் இருக்கே, சந்தையோட அந்தக் கோடி வரைக்கும் கேக்கும். என்னை விடப் பெரியவ, நான் அக்கான்னு கூப்பிடுவேன். அவ என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்ல, "இன்னாமே" தான்.

ஒரு நாள் மீன் எல்லாம் போனப்புறம் என் எதிர்ல வந்து குந்தினா. "இன்னாமே, அந்தத் துரைசானிக்குப் பூசினதை எனக்கும் குடு"ன்னா.

"உனக்கு எதுக்குக்கா?"ன்னு சிரிச்சேன். அவ சிரிக்கல.

"எம் பொண்ணு தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருக்கா. இன்னும் ரெண்டு மாசம் கூட இல்ல. பொறக்குறது கண்ணத் தொறந்தா முதல்ல எம் மூஞ்சியத்தான் பாக்கும். மூஞ்சியா இது? கருவாட்டுத் தோலு மாதிரி காஞ்சு கெடக்குது. தொட்டுப் பாரு."

தொட்டேன். நிஜமாவே காஞ்சுதான் இருந்துது. கன்னம் ரெண்டுலயும் மங்கு. கண்ணோரம் வெடிப்பு. நான் என்னென்ன கேட்டிருக்கணும்? நீ எத்தனை நேரம் வெயில்ல இருக்கே, எந்தப் பக்கம் பாத்து உக்கார்றே, தலையில துணி போடுவியா, நல்ல தண்ணியில மூஞ்சி கழுவுவியா. ஒண்ணும் கேக்கல. துரைசானிக்கு நல்லா இருந்தது இவளுக்கு இருக்காதான்னு நினைச்சேன். காது மடலுக்குப் பின்னால துளி தடவி ஒரு நாள் விட்டுப் பாக்கறது நம்ம வழக்கம். அதைக்கூடப் பண்ணல. அவ அவசரப்பட்டா, நானும் பட்டேன். ரெண்டு சிப்பி நிறையப் பூச்சு வழிச்சு, மூடி, நூல் சுத்திக் குடுத்தேன். "படகு ஏறும்போது ஒரு பயறு அளவு எடுத்துப் பூசு. மூஞ்சி கழுவின ஈரம் காயறதுக்குள்ள பூசு. கழுத்துக்கும் இழுத்து விடு"ன்னு சொன்னேன். இதெல்லாம் சரியாத்தான் சொன்னேன்.

பத்து நாள் கழிச்சு வந்தா. கன்னம் சிவந்திருந்துது.

"எரியுதுமே"ன்னா.

இங்கதான் காதைக் குடுத்துக் கேளுங்க. எனக்கு உள்ளுக்குள்ள ஏதோ உறுத்துச்சு. இல்லன்னு சொன்னா பொய். ஆனா எதிர்ல வியாபாரி வீட்டம்மா ஒருத்தி பூச்சு வாங்க நின்னுக்கினு இருந்தா. அவ முன்னால என் பூச்சு எரியுதுன்னு ஆயிட்டா? நான் வாய் கூசாம சொன்னேன், "எரிஞ்சா மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தங்கா. விட்டுடாத. மத்தியானம் திரும்பும்போது இன்னொரு தரம் பூசு"ன்னு.

அவ தலையாட்டிட்டுப் போனா. சந்தையே நடுங்குற மாதிரி கத்தறவ, நான் சொன்னதுக்குப் புள்ள மாதிரி தலையாட்டினா. அந்த நம்பிக்கைய நினைச்சா இப்பவும் எனக்கு எங்கேயாவது ஓடிடலாம்னு இருக்கும்.

அப்புறம் சந்தையில அவளைப் பாக்கவே முடியல. அவளுக்குப் பதிலா வேற ஒருத்தி மீன் கொண்டாந்தா. பொண்ணுக்கு நாள் நெருங்கிடுச்சு போலன்னு நினைச்சுக்கினேன். ஒரு வியாழக்கிழமை அந்தக் குப்பத்துப் படகுக்காரர் கரையில வலைய உதறிக்கினு இருந்தார். "கன்னியம்மா அக்கா எங்க?"ன்னேன்.

அவர் ரெண்டு பக்கமும் பாத்துட்டுச் சொன்னார்: "திட்டுல விட்டுட்டாங்கம்மா, நேத்து. மூஞ்சியில கொப்புளம் வந்து உடைஞ்சு, ஒரு இடம் கருப்பு, ஒரு இடம் வெளுப்பு. பெருநோயின்னு சொல்றாங்க, குஷ்டமாம்."

திட்டுன்னா குப்பத்துக்கும் ஏரிக்கும் நடுவுல ஒரு ஓடை, அதுக்கு அந்தாண்ட ஒரு மணல்மேடு. பெருநோய்னு சந்தேகம் வந்தா அங்க ஒரு ஓலைக் குடிசை போட்டு விட்டுடுவாங்க. சோறு ஓடைக் கரையில வெச்சுட்டு வந்துடுவாங்க, வெச்சவங்க தள்ளிப் போனப்புறம் வந்து எடுத்துக்கணும். அந்தக் குப்பத்துக்காரங்களைக் கல்நெஞ்சுக்காரங்கன்னு நினைச்சுடாதீங்க. நோய்க்காரி தொட்ட மீனுன்னு சந்தையில ஒரு வார்த்தை கிளம்பிச்சுன்னா கோட்டைக் காவல்காரங்க அந்தக் குப்பத்துப் படகையே கரை ஏற விட மாட்டாங்க. அம்பது வீட்டு அடுப்பு அந்த மீன்லதான் எரியுது. குப்பத்துப் பெரியதனக்காரர் அதைத்தான் பார்த்தார்.

"பொண்ணு?"ன்னு கேட்டேன்.

"வீட்டுல தனியா கெடக்குது. இன்னிக்கோ நாளைக்கோன்னு இருக்குது. அம்மா அம்மான்னு அழுவுது"ன்னார்.

அன்னைக்கு ராத்திரி தூங்கினேனான்னு கேக்காதீங்க. ஆனா ஒண்ணு சொல்றேன், அந்த வியாழக்கிழமை எனக்கு நெஜமாவே காரணம் தெரியாது. சந்தேகம் இருந்துது. என் பூச்சா இருக்குமோன்னு ஒரு மனசு. துரைசானிக்கு நல்லா இருக்கே, பின்ன எப்படின்னு இன்னொரு மனசு. நிஜமாவே பெருநோயா இருந்தா, அவ கன்னத்தைத் தொட்ட கையாச்சே இதுன்னு என் கையை நானே பாத்துக்கினேன். வெக்கமாத்தான் இருக்கு. ஆனா பாத்தேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, மரைக்காயர் மருந்துக் கடைக்குப் போனேன், மெழுகு வாங்க. பேச்சோட பேச்சா கேட்டேன், "மரைக்காயரே, கார்போகரிசி எதுக்கெல்லாம் வாங்கிக்கினு போறாங்க?"ன்னு.

அவர் தராசைத் துடைச்சுக்கினே சொன்னார்: "வைத்தியருங்கதான் ஜாஸ்தி வாங்குவாங்க. உடம்புல வெள்ளைத் திட்டு இருக்கே, அதுக்கு. எண்ணெயில இழைச்சுத் திட்டு மேல தடவி வெயில்ல உக்கார வெப்பாங்க. அதுவும் கொஞ்ச நேரந்தான். பூசிக்கினு வெயில்ல கெடந்தா தோல் வெந்து கொப்புளிச்சுப் போவும். ஏம்மா, உனக்கு எதுக்கு?"

"சும்மா கேட்டேன்"னு சொல்லிட்டு வெளிய வந்தேன். மெழுகு வாங்க மறந்துட்டேன். தெருவுல நிக்கறேன், சனம் போவுது வருது, கோட்டை மணி அடிக்குது, எனக்கு ஒண்ணும் காதுல விழல. நான்தான். நான் பண்ணதுதான். அவ எரியுதுன்னு சொல்லியும் இன்னொரு தரம் பூசுன்னு சொன்னவ நான்தான்.

இப்போ நீங்க நினைப்பீங்க, அங்கேர்ந்து நேரா படகு ஏறிப் போயிருப்பான்னு. போகல.

படகுத்துறை வரைக்கும் போனேன். அங்க நின்னு யோசிச்சேன். சொன்னா இன்னா ஆவும்? சும்மா விடுவாங்களா? பொம்பளை மூஞ்சிய வேக வெச்சவன்னு முடியைப் பிடிச்சு இழுப்பாங்க. செய்வினை வெச்சவன்னு கூடச் சொல்லுவாங்க. கோட்டைக்குள்ள சேதி போவும். துரைசானி வீட்டுல அந்தப் பூச்சு இன்னும் இருக்குதே, அவங்க புருசன் கேட்டா? எனக்கு வேற தொழில் தெரியாது. கூட வேற யாரும் இல்ல. ரெண்டு நாள் போனா கொப்புளம் ஆறிடும், அவங்களே நோய் இல்லன்னு தெரிஞ்சுக்கினு கூட்டிக்கினு வந்துடுவாங்கன்னு எனக்கு நானே சொல்லிக்கினேன். சொல்லிக்கினு வீட்டுக்குத் திரும்பினேன். அப்பவே அரிசி ஊற வெச்சேன், அடுப்பு மூட்டினேன், சாப்பிட்டேன். சாப்பிட்டேம்மா, அதான் சொல்றேன்.

சனிக்கிழமை துரைசானி வீட்டுக்கும் வியாபாரி வீடுகளுக்கும் ஓடி, மெழுகு கெட்டுப் போச்சு, புதுசு தரேன்னு ஏதோ சாக்குச் சொல்லிப் பழைய பூச்சையெல்லாம் வாங்கிக் கொட்டினேன். அதுக்கு மட்டும் கால் ஓடிச்சு. திட்டுல உக்காந்திருக்கறவகிட்ட போக ஓடல.

ஞாயித்துக்கிழமை அந்தப் படகுக்காரர் சந்தையில என்னைப் பாத்ததும் அவராவே சொன்னார்: "கன்னியம்மா பொண்ணுக்கு நேத்து மத்தியானம் கொழந்தை பொறந்துச்சு. பேரன். தாயும் புள்ளையும் நல்லா கீறாங்க. கன்னியம்மா ஓடைக்கு அந்தாண்டயே நின்னுக்கினு இருந்துச்சாம், பாவம்."

நல்ல சேதிதான். நான் சிரிக்கப் பார்த்தேன், மூஞ்சி கோணிக்கினு போச்சு. அன்னைக்கும் துறைக்குப் போனேன். அன்னைக்கும் திரும்பினேன்.

திங்கட்கிழமை காலையில படகு ஏறினேன். திடீர்னு தைரியம் வந்துச்சுன்னு சொல்ல மாட்டேன். இன்னொரு நாள் அந்த வீட்டுல உக்காந்தா பைத்தியம் பிடிச்சிடும்னு இருந்துது, அவ்வளவுதான். வடக்கு நோக்கிப் படகு போவுது. ஏரித் தண்ணி தகடு மாதிரி மின்னுது. என் வலது கன்னம் சுள்ளுன்னு சுட்டுது. கையை வெச்சு மறைச்சேன். மறைச்ச கை அப்படியே நின்னுச்சு.

நான் காலையில வடக்க போறேன், வெயில் எனக்கு வலப்பக்கம். அவ காலையில தெற்க வர்றவ. அவளுக்கு அதே வெயில் இடப்பக்கம். மத்தியானம் மேல வடக்க திரும்புவா, அப்போ சூரியன் மேற்கால சாஞ்சிருக்கும். அதுவும் இடப்பக்கம்தான்! போகும்போதும் வரும்போதும் படகு முனையில முன்ன பாத்து உக்கார்ற பொம்பளை, வருஷம் பூரா இடது கன்னத்துலயே வெயில் வாங்கிக்கினு இருக்கா. தலையில முக்காடு, அதனால நெத்திக்கு ஒண்ணும் ஆவாது. ஆனா தண்ணியில பட்டு மேல எகிறுற வெயில் தாடைக்கு அடியிலயும் அடிக்கும்.

"அண்ணே, அக்காவுக்குப் புண்ணு எந்தப் பக்கம்?"ன்னு படகுக்காரரைக் கேட்டேன்.

அவர் கோலை ஊன்றிக்கினே யோசிச்சார். "இந்தப் பக்கம்"னு தன்னோட இடது கன்னத்தைத் தொட்டுக் காட்டினார். "கீழ, தாடையிலயும்."

பெரியதனக்காரர் கரையிலயே இருந்தார், யார் படகு எந்த இடத்துல வலை போடணும்னு முறை சொல்லிக்கினு. நாப்பது ஆம்பளைங்க சுத்தி நிக்கறாங்க. நடுவுல போய் நின்னேன். 

"நைனா, கன்னியம்மா அக்காவுக்குப் பெருநோய் இல்ல. நான் குடுத்த பூச்சு சுட்டது அது"ன்னேன்.

"பூச்சு எப்படிம்மா சுடும்? நெருப்பா அது?"

"வெயில் பட்டா சுடும் நைனா. அதுல நான் போட்ட சரக்கு அப்படி. எனக்குத் தெரியாம போட்டுட்டேன், மருந்துக் கடை மரைக்காயர் சொல்லித்தான் தெரிஞ்சுது. புண்ணு இடப்பக்கம் மட்டும் இருக்கறதைப் பாருங்க. அவ படகுல போகவும் வரவும் வெயில் இடப்பக்கந்தான் அடிக்குது. நோய்க்கு வெயில் எந்தப் பக்கம்னு தெரியுமா?"

சுத்தி நின்னவங்க ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கினாங்க. பெரியதனக்காரர் அசையல. "நோய் ஒரு பக்கமும் வரும், நான் பாத்திருக்கேன். அவ சிநேகிதி நீ. அவளுக்காகப் பொய் சொல்ல வந்திருக்கே. உன் பேச்சை நம்பி அவளைச் சந்தைக்கு அனுப்பி, அது நோயாவே இருந்தா? இத்தனை குடும்பத்துக்கும் நீ வந்து சோறு போடுவியா?"ன்னார்.

அவர் கேட்டது நியாயம். இத்தனை வருஷம் கழிச்சும் நியாயம்னுதான் சொல்லுவேன். அழுது பிரயோஜனம் இல்ல, சத்தியம் பண்ணிப் பிரயோஜனம் இல்ல. "அவ வீட்டுல மிச்சம் இருக்கற சிப்பியக் கொண்டாங்க"ன்னேன். கொண்டாந்தாங்க. ரெண்டு கையையும் நீட்டினேன். இடது கையில முழங்கை வரைக்கும் அந்தப் பூச்சு. வலது கையில வெறும் நல்லெண்ணெய். அவரே தடவட்டும்னு சொன்னேன், அப்புறம் நான் ஏமாத்தினேன்னு யாரும் சொல்லக் கூடாதில்ல. வலை காயப்போடற மணல்ல ரெண்டு கையையும் மடியில வெச்சுக்கினு உக்காந்தேன். உச்சி தாண்டி, நிழல் நீளுற வரைக்கும் உக்காந்தேன்.

சாயந்திரம் பாத்தாங்க. ரெண்டு கையும் ஒரே மாதிரிதான் இருந்துது.

"இன்னாம்மா?"ன்னார் பெரியதனக்காரர். கிண்டலா கேக்கல, அதுதான் இன்னும் பயமா இருந்துது.

"உடனே வராது நைனா. அவளுக்கும் நாளாச்சு"ன்னேன். எனக்கே உறுதியா தெரியாது. அவ பத்து நாள் பூசினப்புறம்தான் சிவந்துது. எனக்கும் பத்து நாள் ஆனா? வரவே இல்லன்னா? வரலன்னா நான் பொய்க்காரி, அது கூடப் போவட்டும், அவ நோய்க்காரி. அந்தத் திட்டுல காலம் பூரா. என் கைய நானே பாத்துப் பாத்து, கொப்புளி, கொப்புளின்னு வேண்டிக்கினேன். தன் தோல் வேகணும்னு சாமிகிட்ட வேண்டிக்கினவ நான் ஒருத்தியாத்தான் இருப்பேன். குப்பத்துல ஒரு வீட்டுல கொட்டகையில படுக்க இடம் குடுத்தாங்க. கொழந்தை அழற சத்தம் ரெண்டு வீடு தள்ளி அப்பப்போ கேட்டுது.

செவ்வாய்க்கிழமை மறுபடியும் பூசிக்கினு உக்காந்தேன். மத்தியானம் இடது கை சிவந்துது. ஓடிப்போய்க் காட்டினேன். "வெயில்ல உக்காந்தா யாருக்குத்தான் சிவக்காது?"ன்னார். வலது கையைப் பக்கத்துல வெச்சுக் காட்டினேன். ரெண்டு கையையும் மாத்தி மாத்திப் பாத்துட்டுத் திரும்பிப் போனார். மணல்ல நின்னு பாத்தா ஓடைக்கு அந்தாண்ட கன்னியம்மா தெரிஞ்சா. குடிசை வாசல்ல, முக்காட்டை இழுத்து மூஞ்சிய மூடிக்கினு, தன் வீட்டுப் பக்கமே பாத்துக்கினு உக்காந்திருந்தா. நான் எதுக்கு வந்திருக்கேன்னு அவளுக்குத் தெரியாது. அவகிட்ட யாரும் போய்ப் பேசுறதில்லயே.

புதன்கிழமை விடியறப்போ வலியில முழிச்சேன். இடது கை மணிக்கட்டுலேர்ந்து முழங்கை வரைக்கும் கொப்புளம், நீர் கோத்துக்கினு. தொட்டா உயிர் போவுது. வலது கை சும்மா இருக்குது. சிரிச்சேன். அழுதுக்கினே சிரிச்சேன். அந்தக் கையைத் தூக்கிப் பிடிச்சுக்கினு பெரியதனக்காரர் வீட்டு வாசல்ல நின்னேன். அவர் நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டினார். அப்புறம் ஒரு கோழி இறகை எடுத்துக்கினு அவரே ஓடையில இறங்கி நடந்தார். நானும் பின்னாலயே போனேன். பெருநோய்னா நோய் பிடிச்ச தோல்ல உணர்ச்சி இருக்காது, அது எல்லாருக்கும் தெரியும். ஆனா பயத்துல யாரும் கிட்டப் போய்த் தொட்டுப் பாக்கல. அவளைக் கண்ணை மூடிக்கச் சொல்லி, கன்னத்துல இறகோட நுனிய வெச்சார். "ஐயோ எரியுது"ன்னு கத்தினா. சந்தைக் குரல். குப்பத்துக்கே கேட்டுது.

"வா, வீட்டுக்குப் போலாம்"னார். அவ்வளவுதான் சொன்னார்.

என்னை யாரும் அடிக்கல. வைய வேண்டியவங்க வைதாங்க, வாங்கிக்கினேன். கோட்டைக்குச் சேதி போச்சு, துரைசானி மூணு மாசம் என்னைக் கூப்பிடல, அப்புறம் கூப்பிட்டாங்க. நான் பயந்ததுல பாதி கூட நடக்கல. நடந்திருந்தாலும் தாங்கியிருப்பேன்.

பதினஞ்சு நாள் கழிச்சுத்தான் கன்னியம்மா வீட்டுக்குப் போனேன். கட்டு அவிழ்க்காத கையோட, ஒரு சிப்பியில வெறும் நல்லெண்ணெயும் மெழுகும் மட்டும் போட்ட பூச்சை எடுத்துக்கினு. அவ கூடத்துல காலை நீட்டி உக்காந்திருந்தா, கால் மேல பேரன். கன்னத்துல தோல் உரிஞ்சு ஆறிக்கினு வந்துது, மங்கு முன்னைவிடக் கருப்பா இருந்துது. என்னைப் பாத்ததும், "வாமே, உக்காரு"ன்னா. என் கட்டைப் பாத்துட்டு, "ஆறுதா?"ன்னு கேட்டா. நான் தலையாட்டினேன்.

"அக்கா, இதுல ஒண்ணும் இல்ல. ஆனாலும் காதுக்குப் பின்னால தடவி ரெண்டு நாள் பாரு. புண்ணு முழுசா ஆறுற வரைக்கும் மூஞ்சியில எதுவும் வேணாம். படகுல இடப்பக்கமா முக்காட்டை இழுத்து விட்டுக்கோ"ன்னு படபடன்னு சொன்னேன். மன்னிச்சிடுன்னு சொல்லத்தான் வந்தேன், அதைத் தவிர எல்லாம் சொன்னேன்.

அவ சிப்பிய வாங்கிப் பக்கத்துல வெச்சுக்கினா. பேரனைச் சுத்தியிருந்த பழைய வேட்டித் துணிய இழுத்து விட்டா. அப்புறம் சாதாரணமாத்தான் கேட்டா: "ஆமா, கடைக்கார மரைக்காயர் சொல்லித்தான் உனக்குத் தெரிஞ்சுதுன்னாங்களே. அவர் என்னிக்குச் சொன்னார்?"

திங்கட்கிழமை காலையிலன்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துடுச்சு. யாருக்கும் தெரியப் போறதில்ல. அவ மூஞ்சியப் பாத்தேன்.

"வெள்ளிக்கிழமை"ன்னேன்.

 பேரன் தலைக்கு அடியில ஒரு கை இருந்துது. இன்னொரு கையைத் தூக்கிச் சுண்டுவிரலை மடக்கினா. "வெள்ளி"ன்னா. அடுத்த விரலை மடக்கினா. "சனி. இவன் பொறந்த நாளு."

அதுக்கு மேல அவ எண்ணல.